எழுபதாயிரம் ரூபாயும் கொஞ்சம் பச்சைக் களிம்பும்: பாம்பன் தம்பி வாங்கிய முதல் டைவிங் செட்

பாம்பன் தெற்குவாடிப் பையன் ஒருவன். கமுதி பக்கம் சூரிய மின் நிலையத்தில் டெக்னீசியன் வேலை, ஞாயிறு மட்டும் விடுமுறை. செப்டம்பரில் ஸ்கூபா பயிற்சியை முடித்து, துணையோடு 18 மீட்டர் வரை இறங்கலாம் என்ற அட்டையை வாங்கினான். டிசம்பரில் ஏலச்சீட்டு எடுத்தான். தள்ளுபடி போகக் கைக்கு வந்தது 70,000 ரூபாய். அது முழுக்கச் சொந்த செட்டுக்குத்தான் என்று முடிவு செய்த பிறகே என்னிடம் வந்தான்.

“என்ன வாங்கலாம்ணே?”

கடையில் கூட்டம். நான் தலையை நிமிர்த்தாமலே, “செகண்ட் ஹாண்டுல பாருடா, பாதி விலைக்குக் கிடைக்கும்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இதில் நடந்த தவறுகளில் முதலாவது அதுதான், அது என்னுடையது. எந்தப் பொருளைப் பழையதாக வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்று சொல்ல ஐந்து நிமிடம் போதும். நான் சொல்லவில்லை. அந்தக் கடனை அடைக்கத்தான் அவன் கணக்குப் புத்தகத்தை வாங்கி, அவன் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன்.

முதல் சுற்றில் வாங்கியவை

கண்ணாடியும் மூச்சுக்குழலும் சேர்ந்த ஜோடி ஒன்று, 650 ரூபாய். காலில் மாட்டும் நீளமான ஃபின் ஒரு ஜோடி, 2,400. குளிர் தாங்கும் ரப்பர் உடையான பழைய 5 மி.மீ. வெட்சூட், 7,000. கடைசியாக, வெளியூர் ஆள் ஒருவரிடம் பார்சலில் வரவழைத்த பழைய ரெகுலேட்டரும் பி.சி.டி.யும், இரண்டும் சேர்த்து 34,000. ரெகுலேட்டர் என்பது சிலிண்டரில் அடைத்த காற்றின் அழுத்தத்தைக் குறைத்து வாய்க்குத் தரும் கருவி. பி.சி.டி. என்பது முதுகில் சிலிண்டரைத் தாங்கும், காற்றை அடைத்தும் வெளியேற்றியும் நம்மை நீரில் மிதக்கவும் அமிழவும் வைக்கும் ஜாக்கெட். மொத்தம் 44,050 ரூபாய்.

இதில் ஒரு பொருளைக்கூட அவன் வாங்கும் முன் தொட்டுப் பார்க்கவில்லை.

கண்ணாடியில் ஆரம்பிப்போம். அவனுக்கு மீசை உண்டு, ஒடுங்கிய முகம் வேறு. வாங்கிய கண்ணாடியின் விளிம்பு சிலிக்கான் இல்லை, விறைப்பான பிளாஸ்டிக். தண்ணீருக்குள் தலையைக் கொடுத்ததும் மூக்குப் பக்கம் நீர் ஏறியது. கண்ணாடி முகத்துக்குப் பொருந்துமா என்று பார்க்கக் கடலே வேண்டியதில்லை. பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாகக் காற்றை உள்ளிழுக்க வேண்டும். கையை எடுத்தாலும் அது ஒட்டிக்கொண்டு நின்றால் உங்கள் முகத்துக்கானது. விழுந்தால், எவ்வளவு விலையானாலும் இல்லை. நீச்சல் குளத்துக் கண்ணாடி வேண்டவே வேண்டாம். அதில் மூக்கு வெளியே இருக்கும். ஆழம் போகப் போக முகத்தை அழுத்தும், மூக்கால் காற்று விட்டு அதைச் சரிசெய்ய வழி கிடையாது.

ஃபின் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் மூச்சடக்கி ஆழத்துக்குப் பாய்கிறவர்களுக்கானது. அவன் போகப்போவது பாக் விரிகுடாவில் ஐந்தாறு மீட்டர் ஆழத்துக்கு. அங்கே அடியில் மணலும் கடற்புல்லும். அந்த நீண்ட தகட்டை ஒருமுறை அடித்தால் சேறு கிளம்பி, பின்னால் வருகிறவருக்கு எதுவும் தெரியாது. நல்ல நாளிலேயே இங்கே ஐந்தாறு மீட்டர்தான் பார்வை போகும். மோசமான நாளில் நீட்டிய கை தெரியாது. இருக்கிற தெளிவையும் நாமே கலக்க வேண்டுமா?

வெட்சூட் பற்றிச் சொன்னால் சிரிப்பு வரும். நம் கடல் ஆண்டில் பெரும்பாலான மாதங்கள் வெதுவெதுப்பாகவே இருக்கும். 5 மி.மீ. ரப்பருக்குள் புகுந்து பங்குனி வெயிலில் படகில் உட்கார்ந்தால் அவியல்தான். அதோடு அந்த ரப்பர் மிதக்கும், அதை அமிழ்த்தக் கூடுதல் ஈயம் கட்ட வேண்டும். சாதாரண முழுக்கைச் சட்டையில் நான்கு கிலோ போதும் என்றிருந்தவனுக்கு எட்டு கிலோ தேவைப்பட்டது. அந்த வெட்சூட் இப்போது ஐஸ் கம்பெனியில் வேலை செய்யும் அவன் மச்சானிடம் இருக்கிறது. அவருக்கு ரொம்பப் பொருத்தம் என்கிறார்.

இடுப்பளவு தண்ணீரில்

இந்த மூன்றும் சின்ன நஷ்டங்கள். 34,000 ரூபாய்ப் பார்சல்தான் விஷயம்.

பிப்ரவரி ஞாயிறு ஒன்றில், பாக் விரிகுடாப் பக்கம் உள்ள பயிற்சி நிலையத்துக்கு அதைத் தூக்கிக்கொண்டு வந்தான். நிலையத்துச் சிலிண்டர்களில் கவ்வி இறுக்கும் யோக் பிடிமானம், இவனது ரெகுலேட்டர் திருகிப் பொருத்தும் டின் வகை. நல்ல வேளை, அந்தச் சிலிண்டர் வால்வுக்குள் கழற்றும் வளையம் இருந்தது. ஆலன் கீ போட்டு அதை எடுத்தால் பொருந்தும். எல்லா வால்விலும் அந்த வளையம் இருக்காது. வாங்குவதற்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது.

சிலிண்டரில் மாட்டும் முன் பயிற்றுநர், ரெகுலேட்டரில் சிலிண்டரோடு சேரும் பகுதியான முதல் நிலையின் மூடியைத் திறந்து, காற்று நுழையும் வாயில் இருந்த சிறு வடிகட்டியை வெயிலில் காட்டினார். மிளகை விடக் கொஞ்சம் பெரிய உலோக வட்டம் அது. வெள்ளி போலப் பளிச்சென்று இருக்க வேண்டும். இதில் புளி போட்டுத் துலக்காத செம்புக் குடத்தின் கழுத்து மாதிரி பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது.

“உப்புத் தண்ணி உள்ள போயிருக்கு தம்பி. மூடி போடாம கழுவியிருக்காங்க” என்றார்.

வடிகட்டி பச்சையாக இருந்தால் உள்ளே ஈரம் போயிருக்கிறது. செம்பழுப்பாக இருந்தால் இரும்புச் சிலிண்டரின் துரு வந்திருக்கிறது. பழைய ரெகுலேட்டர் வாங்குகிறவர் விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டிய படம் இந்த வடிகட்டியின் படம். பளபளக்கும் மேல்மூடியின் படம் யாருக்கு வேண்டும்? இன்னொரு சோதனைக்குச் சிலிண்டர்கூடத் தேவையில்லை. முதல் நிலைக்கு மூடியை இறுக்கிப் போட்டுவிட்டு, வாயில் வைக்கும் பகுதியில் காற்றை இழுங்கள். எதுவும் வரக் கூடாது, இழுத்த வெற்றிடம் அப்படியே நிற்க வேண்டும். காற்று கசிந்து வந்தால் உள்ளே உள்ள சவ்விலோ வெளியேற்று வால்விலோ ஓட்டை. கடலுக்குள் அந்த வழியாகத் தண்ணீர் வரும். குழாய்கள் முதல் நிலையில் சேரும் இடத்தில் ரப்பர் உறை இருக்கும். அதைக் கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் வெடிப்பு தெரியும். இவனுடையதில் இரண்டு குழாய்களில் தெரிந்தது.

ரெகுலேட்டரை ஓரமாக வைத்தார்கள். சரி, பி.சி.டி.யையாவது பார்ப்போம் என்று நிலையத்து ரெகுலேட்டரை மாட்டி இடுப்பளவு தண்ணீரில் இறங்கினான். காற்று ஏற்றும் பொத்தானை ஒருமுறை அழுத்தினான். விரலை எடுத்த பிறகும் அது மேலே வரவில்லை. உஸ்ஸென்று காற்று ஏறிக்கொண்டே இருந்தது. ஜாக்கெட் விலா எலும்பைப் பிடித்தது, பையன் தக்கை மாதிரி மல்லாந்துவிட்டான். பயிற்றுநர் எட்டி, காற்றுக் குழாயின் வளையத்தைப் பின்னுக்கு இழுத்துக் கழற்றினார். அதோடு நின்றது. கரையில் நின்ற நாங்கள் சிரித்தோம். இதே பொத்தான் பத்து மீட்டர் ஆழத்தில் சிக்கியிருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டோம். பத்து மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைப் போல இரு மடங்கு. அங்கே நுரையீரலில் உள்ள காற்று மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். பயத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு வேகமாக மேலே வந்தால் நுரையீரல் கிழியும். அதற்கு ஆழம்கூட அதிகம் வேண்டாம், ஒன்றிரண்டு மீட்டர் போதும். ‘நம்ம கடல் ஆழமில்லாதது, ஒன்றும் ஆகாது’ என்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

பொத்தான் சிக்கக் காரணம் உள்ளே கட்டியிருந்த உப்பு. பி.சி.டி.யைக் காதருகே வைத்துக் குலுக்கினால் மணல் மாதிரிச் சலசலத்தது. பழைய பி.சி.டி. வாங்குவதானால் நிறையக் காற்றடித்து ஒரு ராத்திரி வைக்க வேண்டும். காலையில் தொய்ந்திருந்தால் வேண்டாம். விற்பவர் அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை என்றாலும் வேண்டாம்.

பழுது பார்க்க ஆன செலவு

விற்றவர் போனை எடுப்பதை நிறுத்தியிருந்தார். ரெகுலேட்டரைச் சரிசெய்ய, அந்த வகைக்கு உரிய உதிரி பாகங்கள் வேண்டும். ஓ-ரிங், சவ்வு, வால்வு இருக்கைகள் எல்லாம் சேர்ந்த ஒரு பை அது. ஒவ்வொரு கம்பெனிக்கும், ஒவ்வொரு மாடலுக்கும் தனி. நம் ஊரில் மோட்டார் மெக்கானிக் எதையும் வெட்டி ஒட்டிப் பொருத்திவிடுவார், ஆனால் மூச்சு விடும் பொருளில் அந்த வேலை கூடாது. கூரியரில் அனுப்பி, பாகம் வந்து, சோதித்து, திரும்பி வர ஐந்து வாரம். பி.சி.டி. பொத்தான், புதுக் குழாய்கள் எல்லாம் சேர்த்து 11,500 ரூபாய். ஆக, பழைய ரெகுலேட்டரும் பி.சி.டி.யும் அவனுக்கு அடங்கியது 45,500.

அந்த ஐந்து வாரமும் அவன் சும்மா இருக்கவில்லை. நிலையத்துச் சாமானை வாடகைக்கு எடுத்து இறங்கினான். ரெகுலேட்டருக்கும் பி.சி.டி.க்கும் சேர்த்து நாள் வாடகை 800 ரூபாய். அதை மாட்டிக்கொண்டு நிம்மதியாக மீன் பார்த்தான்.

அப்போதுதான் இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். வாடை வீசும் மாதங்களில் வடகடலான பாக் விரிகுடா கலங்கும், தென்மேற்கிலிருந்து கச்சான் வீசினால் தென்கடலான மன்னார் வளைகுடா குமுறும். எந்தக் கடல் அமைதியாக இருந்தாலும் அன்று அவனுக்கு ஞாயிறாக இருக்க வேண்டும். கல்யாணம், காதுகுத்து, திருவிழா எல்லாம் போக ஆண்டுக்குப் பத்து நாள் கிடைத்தால் பெரிது. பத்து நாள் வாடகை 8,000 ரூபாய். சொந்தச் செட் என்றால் வாடகை மிச்சம்தான், ஆனால் ஆண்டுக்கு ஒரு சர்வீஸ் வேண்டும். அதற்கு அவனிடம் கேட்டது 5,000. மிச்சமாவது 3,000. போட்ட 45,500 திரும்பி வரப் பதினைந்து ஆண்டு. இதே ஆள் ஆண்டுக்கு முப்பது நாள் இறங்குகிறவனாக இருந்தால் வாடகை 24,000, சர்வீஸ் போக மிச்சம் 19,000, இரண்டரை ஆண்டுக்குள் போட்டது வந்துவிடும். வாங்கலாமா என்பதைப் பொருளின் விலையை வைத்து முடிவு செய்ய முடியாது. ஆண்டில் எத்தனை நாள் இறங்குவீர்கள் என்பதும், கெட்டுப்போனால் எத்தனை நாளில் சரியாகி வரும் என்பதும்தான் கேள்வி.

“சொந்தச் செட் இருந்தா நெனச்ச எடத்துல எறங்கலாம்லண்ணே?” என்றான்.

எங்கே இறங்குவது? பாம்பனிலிருந்து பார்த்தால் குருசடைத் தீவு கைக்கெட்டும் தூரத்தில்தான் தெரிகிறது. ஆனால் இங்கிருந்து தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் போக முடியாது. அடுத்தது சிலிண்டர். அதைச் சொந்தமாக வாங்கினாலும் மூச்சுக்கு ஏற்ற சுத்தமான காற்றை அடைக்கத் தனிக் கம்ப்ரசர் வேண்டும். பஞ்சர் கடைக் கம்ப்ரசரில் எண்ணெய்ப் புகையும் சேர்ந்து வரும். ஆக, படகும் சிலிண்டரும் துணையும் எப்படியும் ஒரு நிலையத்திலிருந்துதான். அங்கே போனால் ரெகுலேட்டரும் அங்கேயே தொங்குகிறது.

இடையில் அவன் கண்ணில் பட்ட இன்னொரு ‘மலிவு’ வழியையும் சொல்லிவிடுகிறேன். அரை லிட்டர் குட்டிச் சிலிண்டர், கூடவே கையால் அடிக்கும் பம்பு, 14,000 ரூபாய். விளம்பரத்தில் ஒரு பெண் பவளத்துக்கு நடுவே மிதக்கிறார். அரை லிட்டரை 200 பாருக்கு, அதாவது வெளிக்காற்றைப் போலச் சுமார் 200 மடங்கு அழுத்தத்துக்கு அடைத்தால் உள்ளே இருப்பது 100 லிட்டர் காற்று. சாதாரணமாக ஒருவர் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பார் என்று வைத்தால் மேற்பரப்பில் ஐந்து நிமிடம், பத்து மீட்டரில் இரண்டரை. நிலையத்தில் தரும் 11 லிட்டர் அலுமினியச் சிலிண்டரில் 50 பாரை மிச்சம் வைத்தாலும் அதே ஆழத்தில் நாற்பது நிமிடம் வரும். இந்த ஒரு செலவையாவது தடுத்தேன் என்ற திருப்தி எனக்கு.

இரண்டாம் சுற்று

கையில் மீதி 14,450 ரூபாய். நீளமான ஃபினை 1,500க்கு விற்றான். வெட்சூட்டுக்கு மச்சான் 3,000 கொடுத்தார். பழுது பார்த்த ரெகுலேட்டரையும் பி.சி.டி.யையும், வடிகட்டிக் கதை, உப்புக் கதை உட்பட எதையும் மறைக்காமல் சொல்லி, தூத்துக்குடியில் அடிக்கடி இறங்கும் ஒருவருக்கு 30,000க்குக் கொடுத்தான். 15,500 ரூபாய் நஷ்டம். அதைப் படிப்புச் செலவு என்று எழுதச் சொன்னேன். ‘அண்ணன் ஃபீஸ்’ என்று எழுதியிருக்கிறான்.

ஆக, கையில் 48,950. இந்த முறை உடம்பில் படுவதையும் உயிரைக் காப்பதையும் மட்டும் வாங்குவது என்று முடிவு.

கண்ணாடி வாங்க மதுரை தாண்டிப் போனான். ஏழெட்டு எடுத்து முகத்தில் ஒட்டிப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். சிலிக்கான் விளிம்பு, சூட்டில் பதப்படுத்திய கண்ணாடி, 3,200. புதுக் கண்ணாடியின் உள்பக்கம் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் இருக்கும், அது போகாவிட்டால் எச்சில் தடவினாலும் ஆவி படியும். சாதாரண வெள்ளைப் பற்பசையை விரலால் தேய்த்துக் கழுவி, மறுபடி தேய்த்துக் கழுவினான். நான்காம் தடவையில் சரியானது. மூச்சுக்குழல் 700. பாதம் முழுதும் நுழையும் குட்டை ஃபின் 3,500. உடம்போடு ஒட்டும் முழுக்கைச் சட்டையும் கால்சட்டையும் 1,200. வெயிலுக்கும் சொறிமீனுக்கும் அதுவே போதும். பாசி எடுக்கப் போகும் நம் பெண்கள் விரலில் துணியைச் சுற்றி, கண்ணில் கண்ணாடி, காலில் ரப்பர் செருப்போடு காலங்காலமாக இந்தக் கடலில்தான் இறங்குகிறார்கள். தோலை எங்கே மறைக்க வேண்டும் என்று அவர்களிடம் கேட்டாலே தெரியும்.

சில சாமானுக்கு வெளியூரே போக வேண்டாம். வலைக்கடையில் ஆரஞ்சு நிறப் போயா (மிதவை) ஒன்று, பதினைந்து மீட்டர் நைலான் கயிறு, துருப்பிடிக்காத சின்னக் கத்தி, மொத்தம் 600 ரூபாய்க்குள். விசைப்படகும் வள்ளமும் ஓடும் கடலில் நீருக்கடியில் ஆள் இருப்பதைக் காட்ட, இழுத்துக்கொண்டே போகும் இந்தப் போயா அவசியம். அறுந்து கிடக்கும் வலையில் சிக்கினால் கத்தி. ஆறு மீட்டர் ஆழத்துக்கு இதைவிட விலையுயர்ந்த ஏற்பாடு எதுவும் தேவை என்று எனக்குத் தோன்றவில்லை.

கையில் கட்டிக்கொண்டால் ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட்டுக் காட்டும் டைவ் கம்ப்யூட்டரில் எனக்கும் பயிற்றுநருக்கும் கருத்து வேறுபாடு. பயிற்சியில் தரும் அட்டவணைப்படி 10 மீட்டரில் முதல் இறக்கத்துக்கு, உடம்பில் நைட்ரஜன் அளவுக்கு மீறிச் சேராமல், 219 நிமிடம் வரை இருக்கலாம். நாற்பது நிமிடத்தில் சிலிண்டரே காலியாகிவிடும், இந்தக் கரைக்குக் கம்ப்யூட்டர் எதற்கு என்பது என் வாதம். “18 மீட்டரில் அது 56 நிமிஷமா குறையுது. இவன் நாளைக்கு அந்தமான் போவான். அதோட, மேல வர்ற வேகத்தை யார் சொல்லுவா?” என்றார் அவர். வேகமாக மேலே வந்தால் அது கையில் கத்தும். எந்த ஊரில் யார் செட்டை வாடகைக்கு எடுத்தாலும் கூடவே போகும். சர்வீஸ் என்று பெரிதாக இல்லை, பேட்டரி மாற்றினால் சரி. நான் தோற்றேன். மஸ்கட்டில் இருக்கும் சித்தப்பா மகன் ஊருக்கு வரும்போது அடிப்படை மாடல் ஒன்றைப் புதிதாக வாங்கி வந்தார், 19,000. நம் மாவட்டத்தில் பாதி வீடுகளுக்கு இந்த வழி உண்டு. கம்ப்யூட்டரை அப்படி வாங்கிவரச் சொல்லலாம். கண்ணாடியைச் சொல்ல முடியாது, முகத்தைப் பார்சலில் அனுப்ப முடியாதே.

இரண்டாம் சுற்று மொத்தம் 28,200. மீதி 20,750 ரூபாயை வங்கியில் போட்டிருக்கிறான். அது இரண்டரை ஆண்டு வாடகை.

ஒரு செலவை மட்டும் இருவருமே முன்கூட்டி யோசிக்கவில்லை. கழுவும் தண்ணீர். இறங்கிய ஒவ்வொரு நாளும் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு, அதில் கழுவினால் கழுவியதாகவே அர்த்தமில்லை. குடிக்க வாங்கும் குடத்தில் ஒன்றை எடுத்தால் அம்மா சும்மா இருப்பாரா? முதல் வாரம் சண்டை. இப்போது ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் ஒரே குடத்துத் தண்ணீர், முதலில் கம்ப்யூட்டர், அப்புறம் கண்ணாடி, கடைசியில் ஃபினும் சட்டையும். மிஞ்சிய தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்குப் போகக் கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். காய வைப்பது வேப்ப மர நிழலில், நம் வெயிலில் போட்டால் ரப்பர் சீக்கிரம் கெட்டுவிடும்.

அவன் தாத்தா அந்தக் காலத்தில் சங்கு குளித்தவர். போயாவையும் கத்தியையும் கையில் எடுத்துப் பார்த்து, சரி என்பது போலத் தலையாட்டினார். கம்ப்யூட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுல ஆழம் எத்தனை பாகம்னு காட்டுமா?”

“மீட்டர்ல காட்டும் தாத்தா.”

“மூச்சு எவ்வளவு மிச்சம்னு?”

“அது சிலிண்டர் மீட்டர்ல தெரியும்.”

“அந்த மீட்டரு?”

“வாடகைக்கு.”

பெரியவர் அதன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. போன ஞாயிறு அவன் பதினோராவது முறையாக இறங்கினான். காற்று கொஞ்சம் எழுந்திருந்தது, தண்ணீர் கலங்கல். கரையிலிருந்து பார்த்தபோது ஆரஞ்சுப் போயா மட்டும் மெதுவாகக் கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தது.